எழுபது வளைவுகள், நான்கு அஞ்சலட்டைகள்

நாமக்கல் மாவட்டத்தில், கொல்லிமலையின் அடிவாரத்திலுள்ள காரவள்ளியிலிருந்து மலைமேல் உள்ள சோளக்காட்டுக்கு ஒரு சாலை ஏறிச் செல்கிறது. இந்தச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. சோளக்காட்டுச் சந்தையிலிருந்து பலாவும் அன்னாசியும் வாழையும் மிளகும் ஏற்றிக்கொண்டு இறங்கும் வண்டிகள், பேருந்துகள், அறப்பளீசுவரர் கோயிலுக்கும் ஆகாய கங்கை அருவிக்கும் செல்லும் பயணிகளின் கார்கள், இரு சக்கர வண்டிகள் எல்லாம் இதே வளைவுகளில்தான் ஒன்றையொன்று கடந்தாக வேண்டும்.

அண்மை ஆண்டுகளில், வளைவுகளில் ஓட்டிப் பார்க்கும் ஆசைக்காகவே மலையேறும் கார்களும் பெருகியிருக்கின்றன. தாழ்வான உடலும் வலிமையான எஞ்சினும் கொண்ட 'ஸ்போர்ட்ஸ் செடான்' வகைக் கார்கள் அவற்றுள் முக்கியமானவை. இத்தகைய காரை வாங்கியவர் பலரும் முதலில் கைவைப்பது சக்கரத்தில்தான். தொழிற்சாலையில் பொருத்திய 16 அங்குலச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, 17 அல்லது 18 அங்குல அலாய் சக்கரங்களையும் அவற்றுக்கேற்ற அகலமான டயர்களையும் மாட்டிக்கொள்கிறார்கள். "இனி வளைவில் வண்டி ஒட்டிக்கொண்டு போகும்" என்பது அவர்கள் நம்பிக்கை.

இந்த நம்பிக்கையில் எவ்வளவு உண்மை இருக்கிறது? டயருக்கும் சக்கரத்துக்கும் செலவழிக்கும் பணம், வளைவில் நமக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தை வாங்கித் தருகிறது? பள்ளிக்கூட இயற்பியலைக் கொண்டே இதைக் கணக்கிட்டுப் பார்த்துவிடலாம்.

காரைத் தாங்கும் நான்கு அஞ்சலட்டைகள்

ஓட்டுநரையும் சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். நான்கு சக்கரங்களும் எடையைச் சமமாகத் தாங்கினால் ஒவ்வொன்றின் மீதும் 300 கிலோ விழும். டயரில் 32 பவுண்டு காற்று இருக்கிறது. அதாவது, சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு அழுத்தம். மெட்ரிக் அளவில் இது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.25 கிலோ ஆகும். 300 கிலோவைத் தாங்க இந்த அழுத்தத்துக்கு எவ்வளவு பரப்பு தேவை? 300-ஐ 2.25-ஆல் வகுத்தால் 133 சதுர சென்டிமீட்டர் கிடைக்கிறது. நம் அஞ்சலட்டையின் பரப்பும் ஏறத்தாழ இவ்வளவுதான்.

ஆக, காரும் அதில் இருப்பவர்களும் சாலையோடு கொண்டிருக்கும் தொடர்பு நான்கு அஞ்சலட்டைகள் அளவே. முடுக்குவது, நிறுத்துவது, திருப்புவது ஆகிய எல்லா விசைகளும் இந்தச் சிறு பரப்புகளின் வழியாகத்தான் சாலையை அடைகின்றன. எஞ்சின் எத்தனை குதிரைத் திறன் உடையதாயினும் இதிலிருந்து அதற்கு விலக்கு இல்லை.

வளைவு கேட்கும் பிடிப்பு

ஓடும் பொருள் தானாகத் திரும்புவதில்லை. வேறு விசை குறுக்கிடாதவரை அது நேர்கோட்டிலேயே செல்லும் என்பது நியூட்டனின் முதல் விதி. கார் வளைவில் திரும்ப வேண்டுமானால், வளைவின் மையத்தை நோக்கி ஒரு விசை அதை இழுக்க வேண்டும். கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றும்போது இந்த மையநோக்கு விசையைக் கயிறு தருகிறது. காருக்குக் கயிறு கிடையாது. டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள உராய்வு ஒன்றே கயிறாக நின்று இழுக்கிறது. உராய்வு போதாதபோது கயிறு அறுந்த கல்லைப்போலக் கார் நேராகப் போய்விடும். மலைச்சாலையில் நேராகப் போவது என்றால் தடுப்புச் சுவரில் மோதுவது அல்லது பள்ளத்தில் பாய்வது என்று பொருள்.

எவ்வளவு விசை தேவை என்பதற்கு ஓர் எளிய சூத்திரம் உண்டு. வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, வளைவின் ஆரத்தால் வகுத்தால், தேவையான பக்கவாட்டு முடுக்கம் கிடைக்கும். அதைப் புவியீர்ப்பு முடுக்கமான 9.8-ஆல் வகுத்தால், அந்த வளைவு கேட்கும் உராய்வுக் குணகம் கிடைத்துவிடும். காரின் எடை இந்தக் கணக்கில் வரவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எடை கூடினால் திருப்பத் தேவையான விசையும் கூடுகிறது, சாலையை அழுத்தும் விசையும் அதே அளவு கூடுகிறது, இரண்டும் ஈடாகிவிடுகின்றன.

மலைச்சாலைகளுக்கென இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்துள்ள நெறிகளின்படி, கொண்டை ஊசி வளைவின் உள்வளைவு ஆரம் 14 மீட்டருக்குக் குறையக் கூடாது. வளைவுக்கான வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் எனக் கொண்டு வடிவமைக்கிறார்கள். 14 மீட்டர் ஆரத்திலேயே கார் திரும்புவதாக வைத்துக்கொண்டு கணக்கிடுவோம்.

மணிக்கு 20 கிலோமீட்டரில் தேவைப்படும் உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.22.
30 கிலோமீட்டரில் 0.51.
40 கிலோமீட்டரில் 0.90.

வேகம் இருமடங்கானால் தேவை நான்கு மடங்காகிவிடுகிறது. 20-லிருந்து 30-க்குச் செல்வது ஓட்டுபவருக்குச் சிறிய மாற்றமாகத் தோன்றலாம். டயருக்கோ அது இருமடங்குக்கும் மேற்பட்ட வேலை.

ரப்பர் எப்படிப் பிடிக்கிறது?

தேவை தெரிந்துவிட்டது. கையிருப்பு எவ்வளவு? இதை வீட்டிலேயே ஒரு சோதனையால் உணரலாம். ஒரு சொரசொரப்பான பலகையின் மேல் ரப்பர் அழிப்பானைப் படுக்க வையுங்கள். பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். அழிப்பான் வழுக்கத் தொடங்கும் கணத்தில் நிறுத்தி, உயர்ந்த முனையின் உயரத்தையும், அதற்கு நேர் கீழேயுள்ள புள்ளி வரையிலான அடிநீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். உயரத்தை அடிநீளத்தால் வகுத்தால் வருவதே உராய்வுக் குணகம். 40 சென்டிமீட்டர் அடிநீளத்துக்கு 32 சென்டிமீட்டர் உயரம் என்றால் 0.8. இனிப் பலகையின் மேல் சிறிது மண்தூசியைத் தூவிச் செய்து பாருங்கள்; பிறகு நீர் தெளித்துச் செய்து பாருங்கள். அழிப்பான் முன்னைவிடத் தாழ்ந்த சரிவிலேயே வழுக்கிவிடும்.

ரப்பர் இரண்டு வழிகளில் சாலையைப் பற்றுகிறது. முதலாவது ஒட்டுதல். ரப்பரின் மூலக்கூறுகள் சாலைக் கற்களின் மேற்பரப்பை மிக நெருங்கி, கணநேரம் ஒட்டி, பின் விடுபடுகின்றன. இரண்டாவது அமுக்கம். சாலையின் சிறு மேடுகள் ரப்பருக்குள் அமுங்குகின்றன. மேட்டைத் தாண்டியதும் ரப்பர் உடனே பழைய வடிவுக்குத் திரும்பிவிடுவதில்லை. சற்றுத் தாமதமாகவே திரும்புகிறது. இந்தத் தாமதத்தால் மேட்டின் ஒரு பக்கத்தில் அழுத்தம் கூடி, வழுக்குவதைத் தடுக்கிறது. நீர்ப்படலம் குறுக்கே வந்தால் ஒட்டுதல் பெரிதும் போய்விடும். அமுக்கத்தால் வரும் பிடிப்பே மிஞ்சும். மழையில் டயர் வழுக்குவதன் காரணம் இதுதான்.

மென்மையான ரப்பர் கற்களின் இடுக்குகளில் நன்றாகப் பதிந்து அதிகப் பிடிப்பைத் தருகிறது. ஆனால் விரைவில் தேய்ந்துவிடுகிறது. கடினமான ரப்பர் நீண்ட நாள் உழைக்கும், பிடிப்பு குறைவு. இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதுதான் டயர் செய்பவர்களின் தீராத சிக்கல். 1990-களிலிருந்து கரித்தூளுக்குப் பதிலாகவோ அதனோடு சேர்த்தோ சிலிக்கா கலந்து, ஈரச் சாலையில் பிடிப்பைக் கூட்டியிருக்கிறார்கள்.

நல்ல நிலையிலுள்ள சாதாரணக் கார் டயருக்குக் காய்ந்த தார்ச் சாலையில் உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.8 எனக் கொள்ளலாம். மென்மையான ரப்பரால் ஆன ஸ்போர்ட்ஸ் டயருக்கு 1.0 வரை வரும். ஈரச் சாலையில் நல்ல டயருக்கு 0.5, தேய்ந்த டயருக்கு 0.4 எனலாம். ஈரமும் சேறும் கலந்த இடத்தில் 0.3-க்கும் இறங்கிவிடக்கூடும். இந்த எண்களை 14 மீட்டர் வளைவுக்குப் பொருத்தினால், பிடிப்பு முழுவதும் தீர்ந்துபோகும் வேகங்கள் கிடைக்கின்றன:

காய்ந்த சாலை, ஸ்போர்ட்ஸ் டயர்: மணிக்கு 42 கிலோமீட்டர்.
காய்ந்த சாலை, நல்ல சாதாரண டயர்: 38 கிலோமீட்டர்.
ஈரச் சாலை, நல்ல டயர்: 30 கிலோமீட்டர்.
ஈரச் சாலை, தேய்ந்த டயர்: 27 கிலோமீட்டர்.
ஈரமும் சேறும்: 23 கிலோமீட்டர்.

விலை உயர்ந்த டயர் வாங்கித் தருவது 4 கிலோமீட்டர். ஒரு மழை பறித்துக்கொள்வது 8 கிலோமீட்டர். சாலையை அமைத்தவர்கள் குறித்த 20 கிலோமீட்டர் மட்டும் எல்லா நிலைகளுக்கும் கீழே பத்திரமாக நிற்கிறது.

டயர் கோணி ஓடுகிறது

ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசையிலேயே கார் செல்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அப்படி இல்லை. ரப்பர் நெகிழக்கூடியது. சாலையைத் தொட்டுக்கொண்டிருக்கும் பகுதி சாலையோடு ஒட்டி நிற்க, சக்கரத்தின் வட்டு அதைப் பக்கவாட்டில் இழுக்கிறது. டயர் முறுக்கிக்கொண்டு, சக்கரம் பார்க்கும் திசைக்குச் சற்று விலகிய திசையில் உருள்கிறது. இவ்விரு திசைகளுக்கும் இடைப்பட்ட கோணத்தை விலகு கோணம் எனலாம்.

பக்கவாட்டுப் பிடிப்பு பிறப்பதே இந்தக் கோணத்தால்தான். கோணம் கூடக் கூடப் பிடிப்பும் கூடுகிறது. சாதாரண ரேடியல் டயரில் 6 முதல் 10 பாகை வரையிலான ஓர் இடத்தில் பிடிப்பு உச்சத்தை எட்டுகிறது. அதற்குமேல் ஸ்டியரிங்கைத் திருப்பினால் பிடிப்பு கூடுவதில்லை, குறைகிறது. உச்சத்தை நெருங்கும்போது ஸ்டியரிங் கைக்கு இலேசாகத் தோன்றத் தொடங்கும். அனுபவமுள்ள ஓட்டுநர் இதை உணர்ந்து வேகத்தைக் குறைத்துக்கொள்வார். புதியவரோ "கார் திரும்பவில்லையே" என்று இன்னும் அதிகமாகத் திருப்புவார்.

ஸ்போர்ட்ஸ் டயருக்கும் சாதாரண டயருக்கும் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. ஸ்போர்ட்ஸ் டயரின் பக்கச்சுவர் குட்டையானது, விறைப்பானது. ஆகவே சிறிய கோணத்திலேயே பிடிப்பு வந்துவிடுகிறது. ஸ்டியரிங்கைத் தொட்டவுடன் கார் திரும்புவதுபோல இருக்கிறது. ஆனால் அதன் உச்சம் குறுகலானது. எல்லையைத் தாண்டினால் பிடிப்பு சட்டென்று நழுவக்கூடும். உயரமான பக்கச்சுவருள்ள டயர் மந்தமாகத் திரும்பினாலும், எல்லை வருவதை முன்கூட்டியே உணர்த்திவிடும்.

டயரில் எழுதியிருக்கும் எண்கள்

டயரின் பக்கச்சுவரில் 205/55 ஆர் 16 91 வி என்பதுபோல ஒரு வரி இருக்கும். 205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 55 விழுக்காடு என்பதைக் குறிக்கும். 'ஆர்' என்றால் ரேடியல். 16 என்பது சக்கர வட்டின் விட்டம், அங்குலத்தில். 91 என்ற குறியீட்டுக்கு அந்த டயர் 615 கிலோ தாங்கும் என்று பொருள். 'வி' என்பது மணிக்கு 240 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பதைக் காட்டும் எழுத்து.

இந்த எண்களைக் கொண்டு டயரின் முழு விட்டத்தைக் கணக்கிடலாம். வட்டின் விட்டம் 406 மில்லிமீட்டர். 205-இல் 55 விழுக்காடு 113. மேலும் கீழும் சேர்த்து 226. ஆக மொத்தம் 632 மில்லிமீட்டர். இதற்குப் பதில் 225/45 ஆர் 17 அளவை மாட்டினால் மொத்த விட்டம் 634 மில்லிமீட்டர். வட்டு ஓர் அங்குலம் பெருத்தாலும், பக்கச்சுவர் குட்டையாகி ஈடுசெய்துவிட்டது. அளவு மாற்றுவதில் இதுவே முறையான வழி.

விட்டத்தைப் பார்க்காமல் 215/60 ஆர் 16 என்ற டயரை மாட்டினால் என்ன ஆகும்? விட்டம் 664 மில்லிமீட்டராகிவிடும். கார் 16 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும். வேகமானி 40 என்று காட்டும்போது கார் 42-இல் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்போர்ட்ஸ் டயர் நமக்கு வாங்கித் தந்த 4 கிலோமீட்டரில் பாதியை இந்தப் பிழை ஒன்றே தின்றுவிடும்.

அகலம் கூடினால் பிடிப்பு கூடுமா?

அழிப்பான் சோதனைக்கு மீண்டும் வருவோம். அழிப்பானை அகலமான பக்கத்தில் ஒருமுறையும், குறுகிய பக்கத்தில் ஒருமுறையும் படுக்கவைத்துச் செய்து பாருங்கள். வழுக்கும் சரிவில் பெரிய வேறுபாடு இராது. உராய்வு விசை தொடும் பரப்பைப் பொறுத்ததன்று என்பது பழைய விதி. மேலும், டயர் சாலையைத் தொடும் பரப்பைப் பெரும்பாலும் முடிவு செய்வது எடையும் காற்றழுத்தமுமே என்று முன்னே கண்டோம். அகலமான டயரை மாட்டினால் அஞ்சலட்டையின் பரப்பு அவ்வளவாக மாறுவதில்லை. நீளம் குறைந்து அகலம் கூடுகிறது. அட்டையைக் குறுக்காகத் திருப்பி வைத்தது போலத்தான்.

அப்படியானால் பந்தயக் கார்களுக்கு ஏன் அகலமான டயர்? ரப்பர் அந்தப் பழைய விதிக்கு முழுமையாகக் கட்டுப்படுவதில்லை என்பதே விடை. ரப்பரின் மீது சுமை கூடினால் பிடிப்பும் கூடும்; ஆனால் அதே விகிதத்தில் கூடுவதில்லை. சுமையை இருமடங்காக்கினால் பிடிப்பு இருமடங்குக்குச் சற்றுக் குறைவாகவே கூடும். அகலமான டயர் சுமையை நன்கு பரப்பிக்கொள்வதால் இந்த இழப்பு குறைகிறது. அகலமும் குறைந்த நீளமும் கொண்ட தொடுபரப்பு பக்கவாட்டு விசையைச் சீராகத் தாங்குகிறது. அகலம் கூடுதலாக இருப்பதால் மென்மையான ரப்பரைப் பயன்படுத்தவும் வெப்பத்தைப் பரப்பிவிடவும் முடிகிறது. ஆகவே காய்ந்த, சமமான சாலையில் அகலமான டயரால் ஆதாயம் உண்டு. அந்த ஆதாயம் அளவானது.

வளைவில் எடை இடம் மாறும்போது இந்தக் குணம் இன்னும் முக்கியமாகிறது. நம் 1,200 கிலோ கார் 30 கிலோமீட்டர் வேகத்தில் வளைவில் திரும்புகிறது. அதன் எடைமையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்திலும், இடவலச் சக்கரங்களுக்கு இடையே 150 சென்டிமீட்டர் தூரமும் இருந்தால், ஏறத்தாழ 220 கிலோ எடை உட்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறிவிடும். உட்பக்க இணை 380 கிலோவும் வெளிப்பக்க இணை 820 கிலோவும் தாங்கும். வெளிப்பக்க டயர்கள் பெறும் ஆதாயம், உட்பக்க டயர்கள் இழப்பதற்கு ஈடாவதில்லை. எனவே மொத்தப் பிடிப்பு குறைகிறது. தாழ்ந்த எடைமையமுள்ள செடான் வளைவில் நன்றாகச் செல்வதற்கும், கூரைமேல் பலாப்பழ மூட்டையைக் கட்டிய அதே கார் தடுமாறுவதற்கும் இதுவே காரணம்.

பெரிய சக்கரத்தின் மறுபக்கம்

மலைச்சாலை பந்தயத் தடம் அன்று. குழிகளும் ஒட்டுப் போட்ட இடங்களும் உடைந்த ஓரங்களும் அதில் உண்டு. சக்கரம் குழியில் இறங்கி மேலே துள்ளும் கணத்தில் டயர் தரையைத் தொடுவதில்லை; அப்போது எந்த டயருக்கும் பிடிப்பு சுழிதான். சக்கரம் கனமாக இருந்தால் ஸ்பிரிங்கால் அதை விரைவாகத் தரைக்குத் திருப்பியனுப்ப முடியாது. ஒரே அளவில் நன்கு செய்யப்பட்ட அலாய் சக்கரம் எஃகுச் சக்கரத்தைவிட இலேசாக இருக்கலாம். ஆனால் 16-லிருந்து 18 அங்குலத்துக்கு மாறும்போது, டயரையும் சேர்த்து எடை கூடிவிடுவதே பெரும்பாலும் நடக்கிறது. குட்டையான பக்கச்சுவர் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளாமல் வட்டுக்கு அனுப்பிவிடும். எஃகு வட்டு வளைந்து கொடுக்கும். அலாய் வட்டில் வெடிப்பு விழலாம்.

கொண்டை ஊசி வளைவில் மட்டும் வெளிப்படும் தொல்லை ஒன்றும் உண்டு. சமவெளிச் சாலையில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்கும் தேவை எப்போதோதான் வரும். கொல்லிமலையிலோ வளைவுக்கு வளைவு ஏறத்தாழ முழு ஒடிப்பு வேண்டும். அகலமான டயர் அல்லது வெளியே துருத்தி நிற்கும் சக்கரம் அப்போது சக்கரக் கூண்டின் உட்புறத்தில் உரசும். வீட்டு வாசலில் பார்த்தபோது சரியாகப் பொருந்திய சக்கரம், ஆட்களை ஏற்றிக்கொண்டு ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் வளைவில் உரசுவதும் உண்டு. நாளடைவில் டயரின் பக்கச்சுவர் அறுபடும். சக்கரம் வெளியே தள்ளி நின்றால் அதன் பேரிங்கின் சுமையும் கூடும். மாற்றுச் சக்கரம் வாங்குபவர் விட்டத்தை மட்டும் பார்க்காமல், வட்டின் அகலமும் அது உள்ளே வெளியே அமையும் அளவும் கார் தயாரிப்பாளர் ஒப்புக்கொண்டவைதாமா என்று பார்க்க வேண்டும்.

பட்டன் எதற்கு?

டயரின் மேலுள்ள பட்டன்களே பிடிப்பைத் தருகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டை போன்ற பந்தயத் தடங்களில், காய்ந்த தளத்தில் பட்டனே இல்லாத வழவழப்பான டயர்களோடு பந்தயக் கார்கள் ஓடுகின்றன. காய்ந்த சாலையில் ரப்பர் எவ்வளவு அதிகமாகத் தளத்தைத் தொடுகிறதோ அவ்வளவு நல்லது. வெட்டுகள் அங்கே வீண்.

வெட்டுகளின் வேலை நீரை வெளியேற்றுவது. புதிய கார் டயரில் அவை ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். ஆழம் 1.6 மில்லிமீட்டராகக் குறையும்போது, பள்ளங்களுக்குள் இருக்கும் சிறு ரப்பர் மேடுகள் மேற்பரப்போடு சமமாகி, "இனி ஓட்டாதே" என்று காட்டிவிடும். நெடுஞ்சாலையில் அதிக வேகத்தில் செல்லும்போது, வெளியேற முடியாத நீர் டயரையே தூக்கிவிடுவதும் உண்டு. இந்த ஆபத்து அகலமான டயருக்கு அதிகம். அது தள்ளிவிட வேண்டிய நீரும் அதிகம் அல்லவா? கொண்டை ஊசி வளைவின் குறைந்த வேகத்தில் டயர் இப்படி மிதப்பது அரிது. அங்கே ஆபத்து மெல்லிய படலமாக வருகிறது. நெடுநாள் வெயிலுக்குப் பின் விழும் முதல் தூறல், சாலையில் படிந்த எண்ணெய், சரிவிலிருந்து வழிந்த செம்மண், மரத்தடியில் ஊறிக் கிடக்கும் இலைகள் ஆகியவையே அங்கு டயரின் பகை.

தேய்மானம் இல்லாவிட்டாலும் டயருக்கு முதுமை உண்டு. வெயிலும் காற்றும் ரப்பரை இறுகச் செய்துவிடும். இறுகிய ரப்பர் கற்களில் பதியாது. பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். பழைய டயரை மலிவாக வாங்குபவர் பட்டனைப் பார்ப்பதோடு இதையும் பார்க்க வேண்டும். லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற நாமக்கல்லில் தேய்ந்த லாரி டயர்களுக்கு மேல்ரப்பர் ஒட்டும் ரீட்ரெடிங் தொழிலும் நடக்கிறது. கனமான லாரி டயரின் உடற்பகுதி அதற்கேற்ப அமைந்தது. வளைவில் வேகமாகச் செல்ல விரும்புபவர் அந்தச் சிக்கனத்தைத் தம் காருக்குக் கொண்டுவருவது நல்லதன்று.

காற்று: காசில்லாத பிடிப்பு

காற்று குறைந்தால் வளைவில் பக்கச்சுவர் மடிந்து, டயர் தன் ஓரத்தின் மேல் உருளும். காற்று கூடினால் டயரின் நடுப்பகுதி புடைத்து, தொடுபரப்பு சுருங்கும். சரியான அளவு ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டிய சீட்டில் இருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது, அடிவாரத்தை அடைவதற்கு முன்பே காற்றைச் சரிபார்ப்பது நல்லது.

"மேலே போகப் போகக் காற்று மெலிந்துவிடுமே, டயரில் அழுத்தம் கூடாதா?" என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்விதான். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 1.6 பவுண்டு குறையும். டயர்க் காற்று அந்த அளவுக்குக் கூடுதலாகத் தோன்றும். ஆனால் மலைமேல் குளிர்ச்சியும் உண்டு. ஆயிரம் மீட்டருக்கு 6 அல்லது 7 பாகை குறைவதால் டயருக்குள் அழுத்தம் ஏறத்தாழ 1 பவுண்டு இறங்கும். மிஞ்சுவது அரைப் பவுண்டுக்குச் சற்று மேல். இதற்காகச் சோளக்காட்டில் காற்றை இறக்க வேண்டியதில்லை.

இறங்கும்போது கவனம்

பிடிப்பு என்பது மடியில் முடிந்துவைத்த பணம் போன்றது. திரும்புவதற்குச் செலவழித்தது போக மீதிதான் பிரேக்குக்குக் கிடைக்கும். இவை இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகளில் இருப்பதால் பித்தகோரஸ் தேற்றப்படி கணக்கிட வேண்டும். காய்ந்த சாலையில் கையிருப்பு 0.8. முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வளைவு 0.51 எடுத்துக்கொள்கிறது. பிரேக்குக்கு 0.62 மிஞ்சுகிறது. எதிரே பேருந்து வந்தால் நிறுத்தலாம். மழையில் கையிருப்பே 0.5. முப்பதில் வளைவு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுவிடும். பிரேக்கைத் தொட்டாலே டயர் வழுக்கும். அதனால்தான் வேகத்தை வளைவுக்கு முன்பே, கார் நேராக ஓடும்போதே குறைக்க வேண்டும். இறக்கத்தில் தாழ்ந்த கியரில் வந்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கும் சூடேறாது. ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுவது மலைச்சாலையின் விதி. வழிவிட வேண்டுமானால் முதலில் நிறுத்த முடிய வேண்டும்.

இந்திய கார்களில் 2019 முதல் கட்டாயமாகிவிட்ட ஏ.பி.எஸ். அமைப்பு, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிறது. இருக்கும் பிடிப்பை அது பங்கிட்டுத் தரும். இல்லாத பிடிப்பை உண்டாக்காது.

இரண்டே டயர் மாற்றுவதானால்

நான்கையும் மாற்றப் பணம் இல்லை, இரண்டுதான் புதியது வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அவற்றை எங்கே மாட்டுவது? "ஸ்டியரிங் முன்னால்தானே இருக்கிறது, எஞ்சினும் முன்சக்கரத்தைத்தானே ஓட்டுகிறது" என்று பலர் முன்னால் மாட்டிவிடுகிறார்கள். புதிய டயர்கள் பின்னால் இருக்க வேண்டும்.

முன் டயர்கள் பிடிப்பை இழந்தால் கார் எதிர்பார்த்ததைவிட அகலமாகத் திரும்பும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் குறைந்து பிடிப்பு திரும்பிவரும். பின் டயர்கள் பிடிப்பை இழந்தாலோ காரின் பின்பகுதி வெளியே வீசி, கார் பம்பரம்போலச் சுழலும். பயந்து காலை எடுத்தால் எடை முன்னுக்குச் சாய்ந்து, பின்பகுதி இன்னும் இலேசாகி, சுழற்சி அதிகமாகும். தேர்ந்த ஓட்டுநருக்கும் அதைச் சரிசெய்யச் சில மீட்டர் இடம் வேண்டும். கொண்டை ஊசி வளைவில் அந்த இடம் இல்லை.

எதை வாங்கலாம்?

ஆக, சக்கரத்துக்குப் பணம் செலவழிக்க விரும்பும் கார்க்காரருக்கு நம் கணக்கு தரும் வரிசை இது. முதலில் சரியான காற்று. அதற்குச் செலவு இல்லை. அடுத்து, தயாரிப்பாளர் சொன்ன அளவிலேயே, ஈரச் சாலைக்கு நல்ல பெயரெடுத்த, புதிதாகச் செய்யப்பட்ட டயர்கள் நான்கு. பெரிய வட்டு கடைசியில். வாங்குவதானால் ஓர் அங்குலத்துக்கு மேல் வேண்டாம், மொத்த விட்டம் மாறவும் வேண்டாம். அது அழகுக்கும் ஸ்டியரிங்கின் விறுவிறுப்புக்கும் உதவும். வேகத்தில் தருவது மணிக்கு ஓரிரு கிலோமீட்டர், அதுவும் காய்ந்த நாளில்.

அந்தக் கூடுதல் பிடிப்பை வேகமாகச் செலவழிக்காமல் சேமித்து வைத்தால் அதற்கு உண்மையான பயன் உண்டு. வளைவின் மறுபுறம் என்ன வருகிறது என்பது நமக்குத் தெரியாது. சந்தைக்குப் பழம் கொண்டுசென்று திரும்பும் ஒருவர் தம் பழைய வண்டியில், தேய்ந்த டயர்களோடு அங்கே ஏறி வந்துகொண்டிருக்கலாம். அவருக்காக நிறுத்தவும் ஒதுங்கவும் நம்மிடம் மிச்சமிருக்கும் பிடிப்புதான் இருவரையும் வீடு சேர்க்கிறது. எழுபது வளைவுகளிலும் மணிக்கு 20 கிலோமீட்டர் என்ற வேகத்தை மதிப்பவருக்கு, நான்கு நல்ல அஞ்சலட்டைகள் போதும்.